அகச்சுவர் வண்ணவியல்: ஆயில் இன்ஜின் சேம்பருக்கு உட்பூச்சுத் தெரிதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

வண்ணம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தமிழில் பஞ்சமில்லை. சித்தன்னவாசல் தாமரைக் குளத்துக்குப் பச்சை எங்கிருந்து வந்தது, கோபுரத்துச் சுதைகளுக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வர்ணம் தீட்ட வேண்டும், செட்டிநாட்டுச் சுவருக்கு அந்த வழுவழுப்பு எப்படி ஏறியது என்றெல்லாம் அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள்; விடையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆயில் இன்ஜினின் வயிற்றுக்குள்ளே, ஒருவர் கண்ணும் படாத இருட்டில், நாள் முழுக்கக் கறுப்பு எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும் சுவருக்கு எந்தப் பெயிண்ட் தாங்கும் என்பது பற்றி நம் மொழியில் ஒரு நூற்பாவையும் இவ்வாய்வாளர் கண்டாரில்லை. அக்குறையைக் களையவே இம்முயற்சி. ஓராண்டுக்கு மேல் பிடித்தது. இடையே வீட்டில் பேச்சுவார்த்தை இருமுறை முறிந்தது.

நூலாசிரியன் மேற்கொள்ளும் மதம் ஏழு என்பது நன்னூல். பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் உடன்பட்டுப் பிறகு களையலாம், தான் ஒன்றை நாட்டி அதையே நிறுவலாம்; இப்படிப் போகும் அந்த வரிசை. இக்கட்டுரையில் ஏழும் உண்டு. எட்டாவதாக, தான் பூசியதைத் தானே சுரண்டி எடுத்தல் என்ற மதமும் இங்கே புதிதாகச் சேர்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இயந்திரம்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த டர்ஸ்லி என்ற சிற்றூரில் 1867இல் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அங்கிருந்து 1930 வாக்கில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று வெளிவந்தது. பற்றவைக்க நெருப்பு வேண்டாம், சூடேற்ற வேண்டாம், கையால் சுற்றினால் குளிரிலும் கிளம்பும். சிலிண்டரின் குறுக்களவு நாலரை அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஐந்தரை அங்குலம், இரு பக்கமும் கனத்த ஃப்ளைவீல்கள். 6 குதிரைத்திறன் மாடல் நிமிடத்துக்கு 650 சுற்று. இன்றைய மோட்டார் சைக்கிள் சிக்னலில் சும்மா நிற்கும்போதே அதைவிட வேகமாகச் சுற்றும். இந்த நிதானம்தான் அதன் ஆயுள் ரகசியம்.

பிறகு குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் இதே உருவத்தை வார்க்கத் தொடங்கின. தாய் இன்ஜினை டர்ஸ்லி மறந்த பிறகும் பிள்ளைகள் அங்கே பிறந்துகொண்டே இருந்தன. அப்படிப் பிறந்த ஒன்று எந்த லாரியிலோ ஏறி, எங்கள் ஊர்க் கிணற்றுமேட்டில் வந்து இறங்கியது. தாத்தா காலத்தில் அது தட்டிய தட்டில்தான் எங்கள் தோட்டத்து வாழை எல்லாம் விளைந்தது. மின்சார மோட்டார் வந்த பின் அது கொட்டகைக்குப் போனது; அதன் மேல் முதலில் கோழிகள் குடியேறின, பிறகு இவ்வாய்வாளரின் ஆர்வம் குடியேறியது. பெயர்ப்பலகையில் '6' என்ற எண்ணும் '650' என்ற எண்ணும் மட்டும் மிஞ்சியிருந்தன. செய்தவர் யார் என்பது தேய்ந்துபோயிற்று. பின்னால் சொல்லப்போவதை நினைக்கையில் அதுவும் நல்லதே.

பெயர்க்காரணம்

கிராங்க் தண்டு சுழல்வதும், எண்ணெய் தேங்குவதுமான அடிப்பெட்டியை ஆங்கில நூல்கள் கிராங்க்கேஸ் என்னும். நம் பக்கத்து ஃபிட்டர்கள் 'சேம்பர்' என்பர். இதே நாட்டில் செங்கல் சுடும் சூளைக்கும் சேம்பர் என்றே பெயர். 'சேம்பர் கல்லா, நாட்டுக் கல்லா?' என்று கேட்டுத்தான் வீடு கட்டுகிறோம். ஒன்றில் மண்ணைப் போட்டுச் சுட்டால் கல் வருகிறது. மற்றொன்றில் மணலைக் கழுவாமல் சுட்டால் பேரிங் போகிறது. மண்ணும் சூடும் இரண்டுக்கும் பொது ஆதலின் பெயரும் பொதுவாயிற்று என்பது இவ்வாய்வாளர் கொள்கை. 'சும்மா இங்கிலீஷ் சொல்லுங்க அது' என்பாரும் உளர்.

இன்ஜினுக்கு வெளியே அடிக்கும் பச்சை பெயிண்ட் புறத்திணை. ஊரறியச் செய்வது, பெயர் சொல்லிக்கொள்வது, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்வது எல்லாம் அதன் துறைகள். சேம்பருக்கு உள்ளே அடிப்பது அகத்திணை. அகத்தில் தலைவன் பெயரைச் சுட்டுவது மரபன்று. அதனால்தான் பெயர்ப்பலகையை எந்தக் கம்பெனியும் உள்ளே வைத்து அடிப்பதில்லை.

மணல்

இனி சிக்கலுக்கு வருவோம். சேம்பர் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு மணலில் பிறக்கிறது. பேட்டர்ன் என்ற மர மாதிரியை மணலில் அழுத்தி அச்செடுத்து, உள்ளே வெற்றிடம் வேண்டிய இடத்தில் மணலாலேயே செய்த 'கோர்' என்ற உள்ளச்சை வைத்து, 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அந்த உள்ளச்சை உடைத்துக் கொட்ட வேண்டும். வெளிப்புற மணல் தானே உதிர்ந்துவிடும். உள்மூலைகளில் இருப்பது இரும்போடு சேர்ந்து உருகி, பல்லில் காரை பிடித்த மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இதைத் தட்டி எடுக்கும் வேலைக்கு ஃபெட்லிங் என்று பெயர். உளி, சுத்தி, கம்பி பிரஷ், பிறகு குண்டுமணி போல் இரும்புத் துகள்களை வீசி அடிக்கும் ஷாட் பிளாஸ்டிங். இந்த வேலைக்கு நேரமும் கூலியும் ஆகும். நேரமும் கூலியும் எங்கே குறைகிறதோ அங்கே மணல் மிஞ்சும். அப்படி மிஞ்சிய இன்ஜின்களும் உலகத்தில் உண்டு. கடல் கடந்து போன இந்த வகை இன்ஜினை வாங்கிய வெளிநாட்டு ஆர்வலர்கள் பலர், அதைக் கிளப்புவதற்கு முன் முழுதாகப் பிரித்து, கழுவி, உள்ளே ஒரு பூச்சும் பூசிய பிறகே டீசல் ஊற்றினார்கள். நம் ஆய்வுக்கு வித்து அதுவே.

ஒரு மணல் பரல் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மணல் என்பது சிலிக்கா; கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு ஏழு. எஃகுத் தண்டு அதற்குக் கீழே. பேரிங்கின் வெள்ளை உலோகம் இன்னும் மெத்து. 'மெத்தென்றிருக்கும் பேரிங்தானே தேயும்?' என்பது கடா. விடை: தேயாது, மணல் மெத்தையில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலிருந்தே, தன் மேல் உருளும் எஃகுத் தண்டை அராவும். உப்புத்தாளில் பசையும் மணலும் இருப்பது இதே முறையில்தான். ஆக, மென்மையானவன் தப்பித்தான், வன்மையானவன் தேய்ந்தான். இந்த நியாயத்தைக் கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மேலும் இந்த இன்ஜினில் எண்ணெயை வடிகட்டிக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது, டிப்பர் என்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது எண்ணெயில் ஒரு முங்கு முங்கி, அள்ளி, விசிறி அடிக்கும். நிமிடத்துக்கு 650 முங்கு என்றால் மணிக்கு 39,000. எட்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினால் 3,12,000. சேம்பரில் என்ன கிடந்தாலும், எண்ணெயோ மணலோ உரிந்த பெயிண்டோ, அது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முறை பரிமாறப்படும்.

பரபக்கம், சுபக்கம்

சிவஞான சித்தியார் பிறர் மதத்தைப் பரபக்கத்தில் வைத்து மறுத்து, தன் மதத்தைச் சுபக்கத்தில் நிறுவும். சிறிய பொருளாயினும் நாமும் அந்நெறியே போவோம்.

பூசுவாதிகள் சொல்வது: முதலாவது, மூலையில் ஒட்டிய மணலை என்ன தட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும், அதை அங்கேயே பூச்சுப் போட்டு அடைத்துவிடலாம். இரண்டாவது, சொரசொரப்பான சுவரை விட வழுவழுப்பான சுவரில் எண்ணெய் சீக்கிரம் வழிந்து கீழே சேரும். அமெரிக்காவில் பந்தயக் கார் இன்ஜின் கட்டுபவர்கள் உட்சுவரில் சிவப்புப் பூச்சு அடிப்பதற்குச் சொல்லும் காரணம் இது. மூன்றாவது, துரு. நான்காவது, கழுவச் சுலபம்.

இரண்டாவதை முதலில் தள்ளிவிடலாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இன்ஜினில் எண்ணெய் திரும்பி வரத் தாமதித்தால் ஆபத்து. நம்முடையது 650. எங்கள் இன்ஜினுக்குள் எண்ணெய் வழிய அவசரமே கிடையாது; அது தோட்டத்து வேலையாள் மாதிரி, வரும்போது வரும்.

மூன்றாவது காரணத்தில் சத்து உண்டு. பலர் நம்பமாட்டார்கள், ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு ஆவியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் சேம்பருக்குள் கசியும். இன்ஜின் சூடாக இருந்தால் அதுவும் வெளியேறும். ஆனால் நம் ஊரில் பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு குழாய் பிரித்து இன்ஜினுக்கு விட்டுவிடுவது வழக்கம். கிணற்றுத் தண்ணீர் ஓயாமல் ஓட, இன்ஜின் ஒருநாளும் சரியாகச் சூடாவதில்லை. உள்ளே சுவர் வியர்க்கும். எண்ணெய் மோர் மாதிரி வெளுக்கும். தண்ணீர் இறைக்க வைத்த இன்ஜின் தனக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது என்பது இவ்வாராய்ச்சியில் இவ்வாய்வாளரை மிகவும் மகிழ்வித்த செய்தி. அப்படி ஓடிய இன்ஜினை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால், எண்ணெய் மட்டத்துக்கு மேலே உள்ள சுவர் துருப்பிடிக்கும். கோழி இருந்த எங்கள் இன்ஜினில் பிடித்திருந்தது.

பூசாவாதிகளின் தலைவர் எங்கள் ஃபிட்டர் அண்ணன். ஐம்பது ஆண்டாக ஆயில் இன்ஜின் பிரித்துப் பூட்டுகிறவர். முதன்முதலில் விஷயத்தைச் சொன்னபோது பீடியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உள்ளுக்குள்ள எதுக்குங்க தம்பி பெயிண்ட்டு? அங்க யாருங்க பொண்ணு பாக்க வரப்போறாங்க?"

இவ்வாய்வாளர் மணல் அடைப்பு வாதத்தை எடுத்துரைத்தார். அண்ணன் சேம்பருக்குள் கைவிட்டு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மணலு மேல பெயிண்ட் அடிச்சா மணலு போயிருமுங்களா? பெயிண்ட்டு உரிஞ்சா ரெண்டும் சேந்தாப்புல வருமுங்க. இப்ப மணலு தனியா வருது. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

இதற்குப் பின் எழுதப்பட்ட எல்லாமே இந்த நாலு வாக்கியத்துக்கு உரை என்று கொள்க.

பூச்சுகள்

கடைத்தெருவில் கிடைப்பவற்றைத் தொகுத்தபோது ஆறு தேறின.

தார் முதலாவது. தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கிறோமே, இதற்கு ஆகாதா என்பது கேள்வி. ஆகாது. தாரும் இன்ஜின் ஆயிலும் ஒரே கச்சா எண்ணெய் வயிற்றில் பிறந்த பங்காளிகள். ஒன்றில் ஒன்று கரைந்துபோகும், பாகப்பிரிவினை நிற்காது.

கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிந்தெடிக் எனாமல் இரண்டாவது. மூன்றாவது ரெட் ஆக்சைடு. தமிழ்நாட்டில் எந்த இரும்பும் அதைப் பூசாமல் பிறப்பதில்லை. ஆனால் அது பிரைமர். மேலே இன்னொரு பெயிண்ட் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே நிறத்தூளை மிகுத்து, பிசினைக் குறைத்துச் செய்தது. தனியே விட்டால் எண்ணெயைக் குடிக்கும்.

நான்காவது அரக்கு. கேஸ்கெட் வைக்கும்போது ஃபிட்டர்கள் தடவும் ஷெல்லாக் என்பது வேறெதுவும் இல்லை; மரக்கிளையில் பூச்சி கட்டும் அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்தது. ஸ்பிரிட்டில் கரையும், எண்ணெயிலும் பெட்ரோலிலும் கரையாது. இந்த ஒரு குணத்துக்காகவே பட்டறைகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. ஆனால் கொதிநீர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே இளகிவிடும். அரக்கு மாளிகைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு குடியிருப்பது நல்லதல்ல என்று பாண்டவர்கள் காலத்திலேயே தெரிந்துவிட்டது.

ஐந்தாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் உட்பூச்சு என்றாலே இதுதான். கிளிப்டால் என்று பெயர். கிளிசராலையும் தாலிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளையும் சேர்த்துச் சூடாக்கினால் ஒரு பிசின் வரும் என்று 1901இல் வாட்சன் ஸ்மித் கண்டார். இரண்டு பெயரின் தலையையும் ஒட்டவைத்தால் கிளிப்டால். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அதை மின்கம்பிக்குக் காப்பாக வளர்த்தெடுத்தது. மோட்டார் சுருளின் சூட்டையும், எண்ணெயையும், ஈரத்தையும் தாங்குகிற பூச்சு ஆயிற்றே, இன்ஜினுக்குள் தாங்காதா என்று யாரோ ஒருவர் தூரிகையைத் திருப்பியிருக்கிறார். இதன் பின்னோர்கள்தான் ஆல்கைடு பெயிண்ட்டுகள். அதாவது இரண்டாவதாகச் சொன்ன கேட் பெயிண்ட்டும் இதற்குத் தம்பி முறை. ஆனால் வளர்த்த விதம் வேறு. கேட்டுக்கு அடிப்பது வெயிலில் வெடிக்காமல் இருக்க எண்ணெய்ச் சேர்மானம் கூட்டி வளர்த்தது. எண்ணெய் வீட்டில் வளர்ந்தவன் எண்ணெயைக் கண்டதும் உருகிவிடுகிறான்.

கிளிப்டால் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று அலைந்த ஒரு வாரத்தில் இவ்வாய்வாளர் காணத் தவறிய ஒன்றை ஃபிட்டர் அண்ணன் காட்டினார். பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் கடை. சுருள் கட்டி முடித்ததும் அதன் மேல் சிவப்பாக ஒரு வார்னிஷ் அடித்துக் காயவைப்பார்களே, அது வேலையால் இதற்குச் சொந்தக்காரனே. கோயம்புத்தூர் சுற்றுவட்டத்தில் ரீவைண்டிங் கடை இல்லாத ஊர் ஏது? ஒரு டம்ளர் வார்னிஷ் கேட்டதற்குக் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். உண்மையைச் சொன்னோம். காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். பரிவினால் என்று நினைக்கிறோம்.

ஆறாவது எபாக்சி. ஒரு டப்பாவில் பிசின், இன்னொன்றில் கெட்டிப்படுத்தும் சரக்கு. கலந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கெட்டியானால் டீசல், எண்ணெய், தண்ணீர் எதற்கும் மசியாது.

பரிசோதனை

ஏழு ஜாம் பாட்டில். ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பழைய இன்ஜின் ஆயில், ஒரு ஸ்பூன் தண்ணீர், சிறிது டீசல். ஒரே இரும்புப் பட்டையிலிருந்து வெட்டிய ஏழு துண்டு. ஆறுக்கு ஆறு பூச்சு. ஏழாவது வெறும் இரும்பு, ஒப்புநோக்க. பாதி எண்ணெய்க்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்கவிட்டு, வெந்நீர் அடுப்பின் திண்ணையில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், வைக்கப்பட்டன. மருந்துக்கும் விரதத்துக்கும் நம்மவர் வகுத்த காலம் பெயிண்ட்டுக்கும் பொருந்தும் என்பது துணிபு. மூன்றாம் நாள், ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஒரு பாட்டிலைத் திறந்து லேகியமா என்று முகர்ந்துவிட்டார். அது ஆய்வு முடிவைப் பாதிக்கவில்லை. உறவைச் சிறிது பாதித்தது.

தார் அன்று மாலையே காணாமல் போயிற்று. கேட் பெயிண்ட் இரண்டாம் வாரம் பொரித்த அப்பளம் போல் எழும்பியது. ரெட் ஆக்சைடு உரியவில்லை, ஆனால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரக்கு எண்ணெய்க்குள் கல் மாதிரி இருந்தது. மூடியில் வியர்த்து வழிந்த தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் திருநீறு பூசியதுபோல் வெளுத்தது. ரீவைண்டிங் வார்னிஷ் நின்றது. எபாக்சியும் நின்றது, ஆனால் ஓர் ஓரத்தில் நகம் பட்டதும் பாம்பு சட்டை உரித்ததுபோல் முழுசாகக் கழன்று வந்தது. அந்த இடத்தில் இரும்பின் மேல் ஒரு கட்டை விரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. ரேகை யாருடையது என்பதைப் போலீஸ் உதவியின்றியே கண்டுபிடித்தோம். பூசுவதற்கு முன் அந்தத் துண்டைத் தொட்டவர் இவ்வாய்வாளர் ஒருவரே.

ஏழாவது பாட்டிலில் இருந்த வெறும் இரும்பு, எண்ணெய்க்குள் முங்கியிருந்த பாதியில், புத்தம் புதிதாக மினுங்கியது.

எண்ணெயில் ஊறும் இரும்புக்கு எண்ணெயே பூச்சு. ஏழு பாட்டிலில் முதல் பரிசு எதுவும் பூசாததற்குப் போனதை ஆய்வுக்குழு கனத்த மனத்தோடு பதிவு செய்கிறது. ஃபிட்டர் அண்ணன் மட்டும் சிரித்துவிட்டு, மேல் பாதியில் படர்ந்திருந்த துருவைக் காட்டி, "இதுக்கு வேணும்னா அடிங்க" என்று சமாதானம் சொன்னார்.

தேற்றம்

ரேகையிலிருந்து ஓர் உண்மை புலப்பட்டது. சேம்பருக்குள் எந்தப் பெயிண்ட் நீடிக்கும் என்று கேட்பது பிழை. எபாக்சியானாலும் வார்னிஷானாலும் சுத்தமான இரும்பில் பிடித்தால் நிற்கும். அழுக்கில் பிடித்தால் அழுக்கோடு வரும். வாசல் கேட்டில் உரிந்தால் அசிங்கம், அவ்வளவே. இங்கே உரிந்தால் அது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முறை பரிமாறப்படும். ஆகவே பூச்சுக்குக் கேட்க வேண்டியது எப்படி ஒட்டுகிறாய் என்பதை விட, எப்படி உரிவாய் என்பதே. தூளாக உதிர்வதை எண்ணெய் சுமந்து போகும். தகடாக உரிவது போய் ஓர் எண்ணெய்த் துளையை மூடி உட்கார்ந்துகொள்ளும்.

சுத்தம் செய்வதோ லேசில் முடிவதல்ல. வார்ப்பிரும்பு கண்ணுக்குத் தெரியாத நுண்துளை உள்ளது. முப்பது ஆண்டு எண்ணெய் குடித்த சேம்பரை டீசலில் கழுவி, சோப்புத்தூள் போட்டுக் கொதிநீரில் கழுவி, தின்னரில் துடைத்து வெயிலில் வைத்தால், மத்தியானம் மறுபடியும் வியர்க்கும்; உள்ளே குடித்ததைச் சூட்டில் கக்குகிறது. மறுபடி துடைக்க வேண்டும். வெள்ளை வேட்டித் துணியில் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை. எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. உளி கொண்டு மூலைமூலையாகத் தட்டியதில் உள்ளே இருந்த மணல் அத்தனையும் வந்துவிட்டது. ஒரு சிரட்டை தேறியது.

இப்போது தேற்றத்தைக் கூறலாம். மணலை அடைக்கத்தான் பூச்சு. பூச்சுப் பிடிக்க வேண்டுமானால் மணல் இருக்கக் கூடாது. மணல் இல்லையென்றால் அடைக்க எதுவும் இல்லை. எனவே பூசத் தகுதி பெற்ற சேம்பருக்குப் பூச்சு வேண்டாம். பூச்சு வேண்டிய சேம்பருக்குத் தகுதி இல்லை. வங்கிக் கடன் கிடைப்பது பற்றி இதே போன்ற தேற்றம் ஒன்று உண்டு, இடமின்மையால் விடுக்கிறோம்.

நிறம்

எனினும் பூசுவதென்று முடிவாயிற்று. என்னை? டம்ளர் வார்னிஷ் வீணாகுமே.

நிறத்தைப் பற்றி ஒரு சிறு சச்சரவு உண்டு. லேத் மெஷினின் கியர் பெட்டிக்குள்ளே வெளிர்நிறம் அடித்திருப்பதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். இரும்புத் துகள் உதிர்ந்தால் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். சிவப்புக் கட்சிக்கு இரும்பின் சாம்பல் நிறம் எடுத்துக்காட்டும் என்ற வாதம். டீசல் இன்ஜினில் இரண்டும் வீண்வாதம். புகைக்கரி ஏறி, புது எண்ணெய் சில மணி நேரத்தில் மை மாதிரி ஆகிவிடும்; அதன் பிறகு உள்ளே இருப்பது ஒரே நிறம். கிடைத்தது சிவப்பு என்பதால் சிவப்பு சிறந்தது என்று முடிவு செய்தோம். ஆய்வுலகில் இதற்கு முன்னுதாரணங்கள் பல உள.

பூசும் படலம்

எங்கெங்கே பூசக் கூடாது என்பதே இப்படலத்தின் சாரம். பேரிங் அமரும் இடம், கடைசல் பிடித்த முகங்கள், கேஸ்கெட் உட்காரும் விளிம்பு, எண்ணெய்த் துளைகள் ஆகிய எங்கும் படக் கூடாது. ஃபிட்டர் அண்ணன் அங்கெல்லாம் கிரீஸ் அப்பிவிட்டார். மேலே பட்ட வார்னிஷ் துடைத்தால் கையோடு வந்துவிடும். பூச்சின் எதிரியான பிசுக்கையே பூச்சுக்கு வேலியாக வைத்த இந்த உத்திக்கு எந்த நூலில் என்ன பெயர் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கை நுழையும் கதவு வழியே, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, மெல்லிசாக இரண்டு கை. கனமாக அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே காயாது. அடுப்பில் வைத்துச் சுட்டால் இன்னும் இறுகும் என்பதால், பேக்கரி வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் அடுப்புக் கேட்டோம். சேம்பரின் எடையைக் கேட்டான். நாலு ஆள் தூக்கலாம் என்றோம். பன்னின் வாசனை போய்விடும் என்று மறுத்தான். சித்திரை வெயில் கைகொடுத்தது. தகரக் கூரையடியில், கொசுவலை போர்த்தி, பத்து நாள்.

பிழை ஒன்றை ஒப்புக்கொள்வது ஆய்வு நேர்மை. எண்ணெய் வடிக்கும் பிளக்கின் மரையில் கிரீஸ் அப்ப மறந்துவிட்டது. அங்கே பட்ட வார்னிஷ் இன்றுவரை உலகத்தின் எந்த ஸ்பானருக்கும் அசையவில்லை. பரிசோதித்த இடங்களில் எல்லாம் மிகச் சிறப்பாக ஒட்டியிருப்பது அந்த இடத்தில்தான்.

பின்னிணைப்பு

ஓராண்டு ஓடிய பின் நிலை இது. இன்ஜின் வாரம் ஒருமுறை, விருந்தாளி வந்தால் இருமுறை, கிளப்பப்படுகிறது. உட்பூச்சு உரியவில்லை. மணல் ஏதும் வரவில்லை. முதல் மூன்று மாதத்தில் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தபோது வழவழவென்றே இருந்தது. நாலாம் மாதம் விரலிடையே லேசான நறநறப்பு.

ஃபிட்டர் அண்ணன் எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, கிணற்றுமேட்டுச் செம்மண் என்றார். வார்ப்பு மணல் இப்படி இருக்காதாம். உள்ளே எப்படி வந்தது என்று கேட்டோம். அவர் சேம்பர் கதவின் நட்டுகளைப் பார்த்தார். முனை மழுங்கி, மினுங்கிக்கொண்டிருந்தன.

"வர்றவங்களுக்கெல்லாம் தெறந்து காட்டுறீங்களாட்ட இருக்குதுங்களே தம்பி."

சிவப்பைப் பார்க்கவென்று வந்தவர்கள் அதுவரை பதினேழு பேர். இருவருக்கு இரண்டு முறை காட்டப்பட்டது. அந்த நட்டுக்குரிய ஸ்பானர் வீட்டில் இப்போது எங்கே இருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் மனைவிக்கு மட்டும் தெரியும். தெரிந்தாலும் சொல்வதாக இல்லை.